தாடையை விட்டுப் போன இரண்டு எலும்புகள்

விலங்குகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், மூஞ்சூறுக்குத் தாடைதான் காது. தரையில் தாடையை ஒட்டிவைத்துப் படுத்தால் மண்ணின் அதிர்வு தாடை மூட்டிலிருந்த இரண்டு எலும்புகள் வழியாக ஏறும். அவற்றுக்குப் பின்னால், மண்டைக்குள், குருணையைவிடச் சிறிய இன்னோர் எலும்பு உண்டு. அது உள்ளே இருந்த ஜன்னலைத் தள்ளும். ஜன்னலுக்கு அப்பால் நத்தை ஓடு போலச் சுருண்ட குகை, குகை நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் பாசி போன்ற மெல்லிய மயிர்கள். அவை அசைந்தால்தான் எதுவும் கேட்கும். இரண்டு மூஞ்சூறுகள் பேசிக்கொள்வதென்றாலும் இருவரும் ஒரே கல்லில் தாடையை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

மெல்லும்போது ஒன்றும் கேட்காது. அதனால் ஒருவர் சாப்பிட்டால் மற்றவர் தாடையைத் தரையில் வைத்துக் காவல் கிடப்பது வழக்கம்.

முதல் மழை விட்ட ஒரு சாயங்காலம் ஈசல் புறப்பட்டது. முள்ளி என்ற மூஞ்சூறு தின்றுகொண்டிருந்தாள். காவல் முறை அவள் கணவன் தவிடனுடையது. ஓர் ஈசல் அவன் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது. ஒன்றுதானே என்று வாயில் போட்டான். பிறகு இன்னொன்று. சாரைப்பாம்பு வந்தது அவனுக்குத் தெரியவில்லை. குட்டிகளில் இரண்டு போயின. கடைக்குட்டி மட்டும் கற்குவியலுக்குள் ஓடியது. சாரையும் உள்ளே நுழைந்தது.

முள்ளி கல்லில் தாடையை வைத்தாள். சாரை ஊர்வது தெரிந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குட்டியின் குரல் வரவே இல்லை. கற்களுக்கிடையில் எத்தனையோ சந்துகள். தவறான சந்தில் நுழைந்தால் எதிரே சாரையின் வாய் இருக்கும்.

குவியலின் உச்சியில் ஓர் உடும்பு படுத்திருந்தது. குட்டி அழுவது உங்களுக்காவது கேட்கிறதா என்று அவள் விசாரித்தாள். உடும்பின் பதில் கல்வழியே இறங்கி வந்தது.

"காத்துல வர்ற குரல் நமக்கு எங்கே கேக்கும்? அந்தக் குட்டையைப் பாத்துக் கூப்பிடு. ஒரு மீனாவது திரும்புதான்னு பாரு. உன் காதுக்குள்ளேயும் தண்ணிதான், காத்துச் சத்தம் அதை அசைக்காது. பேசாம வேற குட்டி போட்டுக்க."

முள்ளி குட்டைக்குப் போய்க் கூப்பிட்டாள். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. கரையில் உதிர்ந்த ஆமணக்கு இலை ஒன்று கிடந்தது. அதன் நீண்ட காம்பு ஒரு கல்லின் மேல் சாய்ந்து, நுனி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்று வந்தது. அகன்ற இலை அதை வாங்கி அசைய, காம்பு கல்லின் மேல் நெம்பி, நுனி தண்ணீரைக் குத்தியது. தலைப்பிரட்டைகள் சிதறி ஓடின.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அவள் தாடைக்குப் பின்னாலும் அகன்ற தோல் ஒன்று வேலையில்லாமல் கிடந்தது. உள்ளே ஜன்னலும் தண்ணீரும் இருந்தன. நடுவில் காம்புதான் இல்லை.

திரும்பி வந்து, தாடை மூட்டின் இரண்டு எலும்புகளையும் கழற்றப்போவதாக உடும்பிடம் சொன்னாள்.

"அது ரெண்டும் போனா வாய் அகலத் திறக்காது. முட்டையை முழுசா முழுங்க முடியாது. ஆயுசுக்கும் மென்னுக்கிட்டே கிடப்ப."

"மென்னுட்டுப் போறேன், அண்ணே" என்றாள் முள்ளி.

இரண்டு கற்களின் இடுக்கில் கீழ்த்தாடையைக் கொடுத்துத் தலையை முறுக்கினாள். கண் இருண்டது. எலும்புகள் மூட்டை விட்டு மேலே ஏறின. ஒன்று தன் காம்பால் தோலைப் பிடித்துக்கொண்டது. மற்றது நடுவில் நின்று அந்தக் குருணை எலும்பின் மேல் சாய்ந்தது.

காற்று தோலில் பட்டது. தோல் முதல் எலும்பை ஆட்ட, அது இரண்டாவதை நெம்ப, அது மூன்றாவதை ஜன்னலில் அழுத்தியது. குகைக்குள் தண்ணீர் அலையடித்தது. மயிர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

இலையிலிருந்து சொட்டும் நீர். ஈசலின் சிறகு. தவிடன் மூச்சு விடுவது. அப்புறம், இடப்பக்கம், தாழ்வாக, ஊசி போல ஒரு குரல்.

முள்ளி ஓடினாள். அடுத்த சந்தில் சாரையின் செதில் கல்லில் உராய்வதும் கேட்டது. அது நின்றபோது அவள் நின்றாள், விலகியபோது நுழைந்தாள். குட்டி அவள் வாலடியைக் கவ்விக்கொண்டது. இருவரும் வெளியே வந்தபோது சாரை இன்னும் தவறான சந்தில் தேடிக்கொண்டிருந்தது.

யாரும் சொல்லாமலே தவிடன் அதே இடுக்கில் தன் தாடையைக் கொடுத்தான். அவனைப் பார்த்துக் குட்டியும் கொடுத்தது.

அடுத்த மழைக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஈசல் தின்றார்கள். காவல் யாரும் கிடக்கவில்லை. சாரை புல்லில் வரும்போதே மூவருக்கும் கேட்டது. முள்ளி வாயிலிருந்ததை மென்று முடித்துவிட்டே எழுந்தாள்.

பால் கொடுத்துப் பிள்ளை வளர்க்கும் உயிர்களுக்கெல்லாம் காதுக்குள் மூன்று எலும்புகள் அமைந்தது அந்த மழையிலிருந்துதான். உடும்புக்கு இன்றைக்கும் ஒன்றுதான். சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் குழந்தை சிணுங்குவது நமக்குக் கேட்பதும் அப்போதிருந்துதான்.