அழத் தெரிந்த ஒருத்தி

முன்னொரு காலத்தில் மஞ்சணை நாட்டை இன்முகராயன் என்றொரு ராஜா ஆண்டான். அந்தப் பெயரும் அவனே சூட்டிக்கொண்டதுதான். "என் நாட்டில் ஒருத்தர் அழுதால் என் ஆட்சி சரியில்லை என்றுதானே அர்த்தம்?" என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றிவிட்டது. ராஜாவுக்குத் தோன்றினால் போதாதா? அன்றே சட்டமாயிற்று. இழவு வீட்டிலும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அழுதால் கழுமரம். விருப்பணன் என்ற அதிகாரி தெருத்தெருவாகப் போய் ஜனங்களின் கன்னத்தைத் தடவிப் பார்ப்பான். ஈரம் இருந்தால் இழுத்துப் போவான்.

ராஜா பெரிய ஏரி ஒன்று வெட்டினான். கரை சரிந்து, மண் சுமந்தவர்கள் பலர் புதைந்துபோனார்கள். வேலை நிற்கக் கூடாதென்று விருப்பணன் அவர்கள்மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையை உயர்த்தினான். ராஜாவிடம், "ஒரு குறையும் இல்லை பிரபு" என்று சொல்லிவிட்டான். செத்தவர்களில் ஒருவன் சடைச்சியின் ஒரே மகன் மாடப்பன். அவள் நடுத்தெருவில் நின்று மாரடித்து அழுதாள். பிடித்துச் சிறையில் போட்டு, கழுவேற்ற நாளும் குறித்தார்கள்.

அந்த நாள் வருவதற்குள் ராஜாவின் தாயார் கண்ணை மூடினாள். சட்டம் வருவதற்கு முன்னால் அழுகுரல் இல்லாமல் அந்த நாட்டில் பாடையைத் தூக்கியதே இல்லை; பெற்றவளை அப்படி அனுப்ப ராஜாவுக்கு மனம் வரவில்லை. "இன்று மட்டும் எல்லோரும் அழலாம்" என்றான் ராஜா. ஊர்ப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தியும் அழவில்லை, தங்களைச் சோதிக்கிறார்கள் என்று பயந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெற்றவள் பிணத்தைச் சுற்றிச் சிரித்த முகங்களாகப் பார்த்ததும் ராஜா கத்தினான்.

"அழத் தெரிந்தவள் ஒருத்திகூடவா இல்லை?"

"சிறையில ஒருத்தி இருக்கா சாமி" என்றான் காவலன்.

சடைச்சியைக் கொண்டுவந்தார்கள்.

"என் தாய்க்கு ஒப்பாரி வை. உயிர்ப்பிச்சை தருகிறேன்."

"ஒத்தையில ஒப்பாரி வைக்க முடியாதுங்க. தோளைக் கட்டிக்கிட்டு அழ நாலு பொம்பளைங்க வேணும். அவுங்க வாயில என்ன வந்தாலும் தண்டிக்க மாட்டேன்னு உங்க ஆத்தா காலைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்க."

"வேண்டாம் பிரபு, இவள் விவகாரமானவள்!" என்று விருப்பணன் பதறினான். ராஜா குனிந்து தாயின் காலைத் தொட்டான்.

சடைச்சி பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு, "எங்களைப் பெத்த மகராசி" என்றுதான் ஆரம்பித்தாள். அடுத்த அடியிலேயே குரல் உடைந்தது.

"வடிச்ச சோறு ஆறலையே, மாடப்பா!
வாரிப் போட்ட மண்ணு காயலையே, மாடப்பா!"

அவ்வளவுதான். "ஏரிக்கரைக்குள்ள பொதைஞ்சு போன என் ராசா!" என்று இன்னொருத்தி கதறினாள். கழுவில் போன புருஷனைச் சொல்லி ஒருத்தி அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் அரண்மனை முற்றத்தில் கொட்டியது.

"இவர்கள் யாருக்காக அழுகிறார்கள்?" என்று ராஜா திகைத்தான்.

"எழவு வீட்டுல அவங்கவங்க துக்கத்தைத்தாங்க அழுவாங்க" என்றாள் சடைச்சி. "காலங்காலமா அப்படித்தான்."

"ராஜத் துரோகம்!" என்று கத்தினான் விருப்பணன்.

ராஜா அவனைக் கூப்பிட்டான். "என் கன்னத்தைத் தடவிப் பார்."

விருப்பணன் தடவினான். விரல் நனைந்தது. "ஈரம்... இல்லை பிரபு."

"ஏரிக்கரையைப் பற்றியும் இப்படித்தானே சொன்னாய்?"

அன்றோடு சட்டம் ஒழிந்தது. இழவு விழும் வீட்டிலெல்லாம் அழுகை ஓயும்வரை வாசலில் நிற்க வேண்டும் என்று விருப்பணனுக்குத் தண்டனை. பாவி, பழகிப்போன சிரிப்பு இறங்காமல் எல்லா வாசலிலும் இளித்துக்கொண்டே நின்றான்.

சடைச்சிக்குத் தட்டு நிறையப் பொன் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம் புள்ளையைத் தோண்டிக் குடுங்க சாமி. மடியில போட்டு அழணும்."

ராஜா ஏரி இருந்த திசையைப் பார்த்தான். ஏரி நிறைந்து கிடந்தது. கரையில் கைவைத்தால் நாடே மூழ்கும்.

அவளுக்கு அது புரிந்தது. எழுந்து போனாள். அதற்கப்புறம் கரையில் எந்த இடம் என்று தெரியாமல், தினம் ஓரிடமாக உட்கார்ந்து, வாய்விட்டு அழுதுவிட்டு வீட்டுக்குப் போவாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.