கடைமாடன் கணவாயில் கடைசி ஆள்

நடந்த கதையா, கட்டிய கதையா என்று கேட்கிறவர்கள் ஒரு நடை அந்த மலைக்குப் போய் வரலாம். கணவாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போய் வந்த யாரும் திரும்பவும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பேய்க்கதை சொல்வதில் உலகம்மாளை மிஞ்ச அந்தச் சீமையில் ஆள் கிடையாது. அவள் கதை சொல்லிவிட்டுப் போன ஊரில் நாய்கள்கூடக் கொஞ்ச காலத்துக்கு ஜோடி சேர்ந்துதான் குரைக்கும். ஓர் ஊரில் சுவர்க்கோழிகள் கத்துவதையே மறந்துவிட்டன என்பார்கள். அது பொய். மறக்கவில்லை, வாயைத் திறக்கப் பயம், அவ்வளவுதான்.

அவளுக்குச் சீடராக வந்து சேர்ந்தவர் நல்லகுற்றாலம். அவளைவிட மூத்தவர், தலை முக்கால்வாசி நரைத்தவர். பாதையில் எறும்புச் சாரி போனால் சுற்றிக்கொண்டு போகிற மனிதர். தம்பிமார் கேட்டார்கள் என்று இருந்த வயலையெல்லாம் கொடுத்துவிட்டு, இனிக் கதை சொல்லிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு அசுரன் கதை சொல்ல ஆசை.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கோயில் கொடைத் திருவிழா. கதை சொல்ல இருவரும் காலையிலேயே புறப்பட்டார்கள். நடந்துகொண்டே குற்றாலம் தன் புதுக் கதையைச் சொல்லிப் பார்த்தார். தரும சிந்தனையுள்ள இளவரசன் ஒருவன் இருட்டுக் காட்டுக்குள் போகிறான். அங்கே ஒரு கருப்புக் கனியைத் தின்கிறான். உடனே கோரைப்பல் முளைக்கிறது, நகம் நீள்கிறது, கண் சிவக்கிறது. அசுரனாகிவிடுகிறான்.

உலகம்மாள் கொட்டாவி விட்டாள்.

"பயமா இல்லையாம்மா?"

"பசிக்குது ஓய். அந்தப் பழம் என்ன ருசின்னு நீரு சொல்லவே இல்லையே."

குற்றாலத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "நல்லவன் அசுரனா மாறுற இடம்தான் கதைக்கு உயிர். அது எனக்குச் சிக்கமாட்டேங்குது. எந்த இடத்துல அவன் மாறணும்? நீங்கதான் சொல்லித் தரணும்."

"வாரும், வாரும். மலை ஏறையில பேசினா மூச்சு வாங்கும்."

அடிவாரத்து மரத்தடியில் ஒரு வளையல் செட்டியார் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் பொன்னரங்கம். தோளில் மலாரம், கயிற்றில் கோத்த கண்ணாடி வளையல்கள் முன்னும் பின்னுமாகக் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. உள்ளங்காலில் முள் ஏறி ஒடிந்திருந்தது. குற்றாலம் அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, முள்ளைப் பிடுங்கி, தோள் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார்.

"பெத்த தாய் செய்யமாட்டா அண்ணாச்சி," என்றார் செட்டியார். "நானும் கொடைக்குத்தான் போறேன். இந்தக் காலோட கணவாயை எப்படித் தாண்டப்போறேன்னு கலங்கிப்போய்க் கிடந்தேன்."

"கணவாயில என்ன?"

செட்டியார் குரலைத் தாழ்த்தினார். "கடைமாடன். கூட்டத்துல கடைசியா வர்ற ஆளைத்தான் தொடுவான். முன்னால போறவங்க பக்கம் திரும்பக்கூட மாட்டான். எங்க அத்தான் கடைசியா வந்தவரு. தலைப்பாகை மட்டும்தான் கிடைச்சது."

"தலைப்பாகையை ஏன் விட்டுவச்சான்?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"அவனுக்குத் தலை கிடையாதும்பாங்க தாயி."

கணவாயின் வாய்க்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆனால் இரண்டு பாறைகளுக்கும் நடுவே மூடுபனி அடைத்துக்கொண்டு நின்றது. வெயில் அதன் விளிம்புவரை வந்து, உள்ளே போக மனமில்லாததுபோல் அங்கேயே நின்றுவிட்டது. கொடைக்குப் போகிற கூட்டமெல்லாம் முந்தியே போய்விட்டிருந்தது. மிச்சம் இவர்கள் மூன்று பேர்தான்.

"எனக்குப் பயம். நான் முன்னால போறேன்," என்றாள் உலகம்மாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

"செட்டியாருக்குப் புண் கால். அவர் நடுவுல வரட்டும்," என்றார் குற்றாலம். "நான் கடைசியா வாரேன்."

செட்டியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. உலகம்மாள் சீடரை ஒரு பார்வை பார்த்தாள். பனிக்குள் நுழைந்தாள்.

உள்ளே போனதும் குற்றாலத்துக்குத் தன் முழங்காலுக்குக் கீழே தெரியவில்லை. முன்னால் மலாரம் கலகலவென்று குலுங்கியது. அதுதான் வழி. பின்னால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அது பிடரியில் உட்கார்ந்திருந்தது.

எங்கோ ஒரு கல் உருண்டது.

ஆட்டுக்குட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இந்தப் பனியில் ஆட்டுக்குட்டிக்கு என்ன வேலை என்றும் நினைத்துக்கொண்டார். நடையை எட்டிப்போட்டார்.

"செட்டியாரே, கால் வலிக்குதா? இருங்க, கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிடுதேன்."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமம் என்ன. பக்கத்துல நடந்தா ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டே போகலாம்."

பக்கத்தில் நடந்தார். செட்டியாரின் முழங்கை சூடாக இருந்தது. அந்தச் சூடு போதும்போல் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், பாவம், புண் காலோடு இவ்வளவு பாரமா என்று மலாரத்தை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இப்போது அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கண்ணாடி குலுங்கியது. பின்னால் ஏதோ மூச்சு விட்டது. நீளமாக, ஈரமாக. குற்றாலம் நின்றார், அதுவும் நின்றது. நடந்தார். இந்தச் சத்தத்தை வைத்துத்தானே அது வருகிறது என்று அவருக்கு உறைத்தது.

"செட்டியாரே, இதை நீங்களே வச்சுக்கிடுங்க. கண்ணாடிச் சரக்கு. எனக்குப் பழக்கமில்லை. உடைஞ்சிட்டா உங்க பிழைப்பு போயிரும்."

"அதுவும் சரிதான் அண்ணாச்சி," என்று செட்டியார் வாங்கி மாட்டிக்கொண்டார். அவர் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"நான் ஓரடி முன்னால போய்ப் பள்ளம் கிள்ளம் இருக்கான்னு பார்க்கேன். நீங்க என் தடத்திலேயே வாங்க."

முன்னால் போனார். பள்ளம் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. வளையல் சத்தம் இப்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. அந்தச் சத்தம் நிற்கக் கூடாதே என்று இருந்தது. அது செட்டியாருக்காக வேண்டிக்கொண்டது என்றுதான் அவர் நினைத்தார்.

"அண்ணாச்சி." பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நீங்க பின்னாலதானே இருக்கீங்க?"

குற்றாலம் வாயைத் திறந்தார். "ஆமா," என்றார். "இங்கதான் இருக்கேன்."

அந்தப் பதில் செட்டியாருக்கு முன்னாலிருந்து வந்தது.

சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு கலகலவென்று விரைந்தது. புண் காலோடு மனிதர் ஓடி வருகிறார். இடது பக்கமாக வந்தது, அவருக்குச் சமமாக வந்தது, தாண்டியது. குற்றாலத்தின் பின்னால் மறுபடியும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது குனிந்து, அவர் கழுத்தில் ஈரமாய் எதையோ வைத்தது.

நாக்கோ, விரலோ, மரத்திலிருந்து சொட்டிய பனித்துளியோ. யார் கண்டது.

அவர் கை நீண்டது. வேட்டி மடிப்பு ஒன்று அகப்பட்டது. பிடித்து இழுத்தது. ஒரு மனித உடம்பு அவரைக் கடந்து பின்னால் போய் விழுந்தது. கண்ணாடி நொறுங்கிற்று. அதற்குள் அவர் ஓடிக்கொண்டிருந்தார். வழியில் உலகம்மாளை இடித்துத் தள்ளியதுகூட அவருக்குத் தெரியாது.

கணவாய்க்கு அந்தப் பக்கம் நல்ல வெயில். குற்றாலம் ஒரு பாறையில் விழுந்து கிடந்தார். உலகம்மாள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"செட்டியார் எங்க?"

"மாடன்," என்றார் அவர். "மாடன் பிடிச்சிட்டான்."

"பார்த்தீரா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்தான்?"

குற்றாலம் சொல்லத் தொடங்கினார். பல், நகம் எதையும் அவர் சொல்லவில்லை. "ஒரு கை, அவ்வளவுதான்மா. சாதாரணக் கை. அவசரமே படலை. ரொம்ப நேரமா எங்க கூடவேதான் நடந்து வந்திருக்கு. பேச்சுக் கொடுத்துக்கிட்டே. அந்த மனுசனுக்கு ஒத்தாசை செய்ற மாதிரியே..."

உலகம்மாளின் கையில் மயிர் குத்திட்டு நின்றது. அவள் அதைத் தடவிவிட்டுக்கொண்டாள். "இன்னைக்குத்தான் ஓய் உம்ம கதை என்னைப் பயமுறுத்துது."

அப்போது பனிக்குள் வளையல் குலுங்கியது.

மாடனே வந்திருந்தால்கூடக் குற்றாலம் அவ்வளவு நடுங்கியிருக்கமாட்டார். செட்டியார் நொண்டி நொண்டி வெளியே வந்தார். மலாரத்தில் பாதிக் கயிறு காலி. முழங்கையில் ரத்தம். பாறையோரம் உட்கார்ந்து, சதையில் ஏறியிருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். குற்றாலம் உதவிக்கு எழுந்திருக்கப் பார்த்தார். பாதியிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"என்னய்யா ஆச்சு?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"வேட்டியைப் பிடிச்சு இழுத்துச்சு தாயி. விழுந்துட்டேன். சரி, முடிஞ்சதுன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன். ஒண்ணும் செய்யலை."

"கை பட்டுதா?"

"பட்டுது." செட்டியார் ஒரு துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு எறிந்தார். "வேர்த்திருந்துச்சு. வெடவெடன்னு நடுங்குச்சு. பாவம், அதுக்கும் பயம்போல."

கீழே ஊரில் கொடைக்கு மேளம் கொட்டுவது காற்றோடு வந்து போயிற்று.

உலகம்மாள் எழுந்தாள். "இறங்குவோம். செட்டியாரே, நீரு முன்னால நடயும். கால் ஏலாதவரு."

"இல்லை தாயி. நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க."

குற்றாலம் தலையைத் தூக்காமலே சொன்னார். "கணவாய் பக்கத்துலதான் இருக்கு. தனியாக் கடைசியில வந்தா மாடன்..."

"மாடன்தானே," என்றார் செட்டியார், மெதுவாக. "அவன் பின்னால வந்தா வரட்டும் அண்ணாச்சி. நான் நடந்துக்கிடுவேன்."

அதற்குப் பிறகு குற்றாலம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாறையோரத்து மேட்டில் கொஞ்சம் ஏறி, தனியாகப் போய் நின்றுகொண்டார். உலகம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா."

"சொல்லும்."

"நான் கடைசியா வாரேன்னு சொன்னது பொய்யில்லை. மனசாரத்தான் சொன்னேன்."

"தெரியும்."

"முள் எடுத்ததும் நான்தான்."

"ஆமா. நீருதான்."

"அப்போ எந்த இடத்துலம்மா..." அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "எந்த இடத்துல நான் அப்படி ஆனேன்?"

உலகம்மாள் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். வெயிலுக்குப் பனி கரைந்து, கணவாய் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெட்டவெளிச்சமாய்க் கிடந்தது. அவர்கள் நுழைந்த பக்கத்தில் ஒற்றையடிப் பாதை. ஓராள் பின்னால் ஓராள் நடக்கிற அகலம்தான், நூல் பிடித்ததுபோல உள்ளே வருகிறது. நடுக் கணவாயிலோ புல் முளைக்காத பெரும் பொட்டல். ஊரே கூடி நெல் போரடிக்கலாம், அவ்வளவு அகலம். அதைக் கடந்ததும் மறுபடியும் ஒற்றையடிப் பாதை.

"யானைக்கூட்டம் போன வழியா?" என்று கேட்டார் குற்றாலம்.

"யானை வரிசையில போகும் ஓய். இது மனுசர் நடந்தது. தலைமுறை தலைமுறையா. கடைசியா வாரேன்னு சொல்லி உள்ளே வந்து, பக்கத்துல நடந்தவங்க."

குற்றாலம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீரு கேட்ட இடம் அங்கதான் கிடக்கு," என்றாள் உலகம்மாள். "பாதை எந்த இடத்துல அகலமாகுதுன்னு கையை நீட்டிக் காட்டும்."

அவர் கையை நீட்டினார். விரல் ஒற்றையடிப் பாதையில் தொடங்கியது. கொஞ்சம் உள்ளே போனது. பின்னுக்கு வந்தது. மறுபடியும் போனது. வெகுநேரம் அந்த விரல் எங்கேயும் நிற்கவில்லை.