நிறைகுடமும் ஒற்றைத் தும்மலும்

சகுனம் பார்ப்பதில் திருவேங்கடத்துக்கு ஐம்பது வருட சர்வீஸ். நில அளவைத் துறையில் அவர் போட்ட சர்வீஸே முப்பத்தாறுதான். எல்லைக்கல்லை எவனாவது ஒரு சாண் நகர்த்தி நட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் காலையில் பூனை குறுக்கே போய்விட்டால், அன்றைக்கு அளவுச் சங்கிலி பையைவிட்டு வெளியே வராது.

மனைவி போன பிறகு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குரு பூங்கோதை அம்மா, வயதில் அவரைவிட இருபத்திரண்டு வருடம் சின்னவர். இவர் 'அம்மா' என்பார், அவர் 'சார்' என்பார். அதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. துறவுக்கு முன்னால் அம்மா ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படித்தவர் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால் சிரிப்பார்.

இரண்டு நாளாகத் திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை. போனில் மகன் முகுந்தன் அனுப்பிய செய்தி கிடந்தது.

'அப்பா, வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆரணி ரெஜிஸ்டர் ஆபீஸில் எங்கள் கல்யாணம். மூன்று சாட்சி வேண்டும். இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்றாவது நீங்கள்.'

பெண் வேறு சாதி. போன வருடம் விஷயம் தெரிந்ததும், திருவேங்கடம் பெண் வீட்டு வாசலுக்கே போய்த் தெருவே கேட்கும்படி கத்திவிட்டு வந்தார். மகனிடம், "என் மூஞ்சியில முழிக்காதே" என்றார். மகனும் ஒரு வருடமாக முழிக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, போகட்டுமா, வேண்டாமா?"

அம்மா சாமான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். "மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தது வாங்கணும். பினாயில், பெருங்காயம், நாலு தொடப்பம். ஆரணியில விளக்கெண்ணெய். வண்டியை எடுங்க சார். நானும் வர்றேன்."

இது பதிலா, வேலையா என்று திருவேங்கடத்துக்குப் புரியவில்லை. ஆரணி என்று சொன்னாரே, அப்படியானால் போ என்று அர்த்தமோ? விளக்கெண்ணெய் என்றாரே, எண்ணெய் அபசகுனமாயிற்றே, போகாதே என்று அர்த்தமோ? மதில்மேல் பூனையாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வழியில் மிக்ஸி கிடைத்தது. பினாயில், பெருங்காயம், தொடப்பம் எல்லாம் கிடைத்தன. கல்லேரி தாண்டி ஒரு மைல் போனதும் ஆசிரமத்துப் பழைய கார் 'டப்'பென்று ஒரு சத்தம் போட்டது. பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது.

மணி பதினொன்று பத்து.

திருவேங்கடம் இறங்கினார். முகத்தில் கவலையும் நிம்மதியும் ஒன்றாக இருந்தன.

"தடங்கல் அம்மா. போக வேண்டாம்னு சாமி சொல்லிட்டாரு."

அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். குனிந்து பார்த்தார்.

"ஃபேன் பெல்ட் அறுந்திருக்கு" என்றார்.

"அதைத்தான் சொல்றேன். இன்னைக்குன்னு பார்த்து ஏன் அறுபடணும்?"

"பழைய பெல்ட்டு சார்."

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பெண் இடுப்பில் பச்சை நிறப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். குடம் தளும்பத் தளும்பத் தண்ணீர். திருவேங்கடத்தின் கண்கள் அகலமாயின.

"அம்மா! நிறைகுடம்!"

"தண்ணி" என்றார் அம்மா. அந்தப் பெண்ணைப் பார்த்து, "இன்ஜின் சூடாயிடுச்சும்மா. ஆறினப்புறம் கொஞ்சம் ஊத்தித் தர்றியா?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன, எடுத்துக்கோங்கம்மா" என்று அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

திருவேங்கடம் நடக்க ஆரம்பித்தார். தொடப்பக் கட்டு நீட்டிக்கொண்டிருந்த பின்பக்கத்திலிருந்து பானெட் வரை, பானெட்டிலிருந்து பின்பக்கம் வரை. நிறைகுடம் என்றால் காரியம் ஜெயம். அப்படியானால் போகத்தான் வேண்டும். ஆனால் முதலில் வந்தது தடங்கல். முதலில் வந்தது பெரிதா, பின்னால் வந்தது பெரிதா? அவர் படித்த எந்தப் பஞ்சாங்கத்திலும் இதற்கு விடை இல்லை.

குடத்துக்காரி ஆவி பறக்கிற இன்ஜினை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் ஒரே ஒரு தும்மல் போட்டாள்.

"ஒத்தைத் தும்மல்!" என்று திருவேங்கடம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இன்னா சார், தும்மக்கூடாதா? மூக்குல புகை ஏறினா தும்மல்தான் வரும், பாட்டா வரும்?"

"உன்னைச் சொல்லலைம்மா. இன்னொரு தரம் தும்மிடேன். ரெண்டுன்னா தோஷமில்ல."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சாலையோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். திருவேங்கடம் உட்கார்ந்தார்.

"போகலைன்னா என்ன ஆகும் சார்?"

"ஒண்ணும் ஆகாது. மூணாவது கையெழுத்தை எவனாவது ஃப்ரெண்ட் போடுவான். கல்யாணம் நடந்துடும்."

"போனா?"

திருவேங்கடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பொண்ணோட அப்பா அம்மா அங்க இருப்பாங்க. அவங்க வாசல்ல நின்னு நான் பேசின பேச்சு... நாக்குல புழு வைக்கும் அம்மா. அவ்வளவையும் கேட்டுட்டு, அந்த மனுஷன் உள்ள போய் ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து என்கிட்ட நீட்டினாரு. தட்டிவிட்டுட்டு வந்தேன். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவர் முன்னாடி நிக்கிறது?"

"சாதியில்லையா சார் இப்ப விஷயம்?"

"அது எப்பவோ போச்சு. வெட்கம்தான் போகமாட்டேங்குது."

அம்மா எழுந்து போய், முந்தானையால் பிடித்து ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திறந்தார். குடத்துக்காரி ஊற்ற ஊற்றத் தண்ணீர் உள்ளே போயிற்று. பெல்ட் இல்லாமல் வண்டி எப்படியும் நகரப் போவதில்லை. இன்ஜின் மட்டும் ஆறியது.

பதினொன்றே முக்காலுக்குத் தூரத்தில் ஹாரன் கேட்டது. வளைவில் ஒரு டவுன் பஸ் திரும்பியது. திருவேங்கடம் துள்ளி எழுந்தார்.

"அம்மா, பஸ்ஸு! அப்படின்னா போகணும்னு அர்த்தமா?"

"ஆரணி பஸ் சார்."

"அர்த்தம் என்னம்மா?"

"ஆரணி போகும்."

குடத்துக்காரி நடு ரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் ஆட்டினாள். பஸ் முனகிக்கொண்டே நின்றது.

"வண்டியை அம்போன்னு விட்டுட்டு எப்படிம்மா? சாமானெல்லாம் இருக்கு."

"நான் இருக்கேன். மெக்கானிக்குக்குச் சொல்லிக்கிறேன்."

"விளக்கெண்ணெய்?"

"நாளைக்கு வாங்கிக்கலாம்."

திருவேங்கடம் ஒரு காலைப் படியில் வைத்தார். மறு கால் தார் ரோட்டிலேயே இருந்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களெல்லாம் அந்தக் காலையே பார்த்தார்கள்.

"ஏறுறீங்களா, இறங்குறீங்களா பெரியவரே?" என்றார் கண்டக்டர். "டைம் ஆகுது."

திருவேங்கடம் கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ்வளவு தூரம் நல்லா வந்த வண்டி, சரியா இங்க வந்து நின்னுச்சே. அது பொய்யா?"

"நின்னது நிஜம்தான் சார்" என்றார் பூங்கோதை அம்மா. "ஆனா உங்க பையன் உங்களைத்தானே கூப்பிட்டான்? வண்டியைக் கூப்பிடலையே."

திருவேங்கடம் தார் ரோட்டில் இருந்த காலையும் தூக்கிப் படியில் வைத்தார். கண்டக்டர் விசில் ஊதினார்.