எறும்பு ஏறிய தூண்டில்

தூத்துக்குடிக் கடலோரம், கல் கொட்டிக் கட்டிய ஓர் அலைத்தடுப்பின் முனையில், ஜெனோவா தூண்டில் வீசக் கற்றுக்கொடுத்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் கற்றவர்களில் மூத்தவர் கோமதிநாயகம், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவர் அவளை "டீச்சர்" என்றார். அவள் அவரை "சார்" என்றாள். இருவருமே அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. "எதையாவது பிடித்துப் பழகுங்கள்" என்றார் மருத்துவர். பந்தைப் பிடித்தார்; உருண்டு போனது. டம்ளரைப் பிடித்தார், கீழே விழுந்தது. ஒரு நாள் கடலோரம் நடக்க வந்தவர், ஜெனோவா கற்றுக்கொடுப்பதைப் பார்த்து நின்றார்.

அவள் ஒரு தூண்டில் கம்பை எடுத்தாள். அதன் ஃபோம் பிடியில், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றினாள். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"இது நழுவாது, சார்."

நழுவவில்லை. அன்று அவர் கம்பைக் கையில் பிடித்தபடியே அழுதார்.

வாரம் ஒரு முறை டேப்பை மாற்றினாள். சில மாதங்கள் கழித்து நிறுத்திவிட்டாள். பிடியில் பழைய பசை மட்டும் மிஞ்சியது. அந்தப் பசையை நம்பி அவர் தினமும் வந்தார்.

ஒரு காலை அவர் கேட்டார்.

"டீச்சர், என் தூண்டில் மட்டும் ஏன் தூரமா போக மாட்டேங்குது?"

பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சந்தியாகு முந்திக்கொண்டார். "வாத்தியார் பாறைக்கு இரை போடுறாரு. அது என்னைக்கு வாயைத் திறக்க!"

ஜெனோவா சிரிக்கவில்லை. "ஒரு தடவை வீசுங்க, சார்."

வீசினார். இரையாகக் கோத்த இறால் பத்தடி தள்ளி, பாறை இடுக்கில் விழுந்தது.

"வீசுற நேரத்துல கை கொஞ்சம் இளகணும். உங்க கை இளக மாட்டேங்குது. பிடியைக் காட்டுங்க."

பிடி கறுத்திருந்தது. மணலும் மீன் செதிலும் அப்பியிருந்தன. அவற்றின் மேல் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"பசைக்கு எறும்பு வராதே, சார்."

அவர் கடலைப் பார்த்தார்.

"சார்."

"கருப்பட்டிப் பாகு, டீச்சர்."

"பாகா?"

"பசை காய்ஞ்சுக்கிட்டே வந்துச்சு. வீட்டுல பணியாரத்துக்குப் பாகு காய்ச்சினாங்க. ஒரு கரண்டி எடுத்துத் தடவிட்டேன்."

"ஒரு தடவையா?"

"மூணு வாரமா."

"மீனுக்கு இறாலு, எறும்புக்குப் பாகு" என்றார் சந்தியாகு. "வாத்தியார் ஒருத்தரையும் பட்டினி போடல."

ஜெனோவா பையைத் திறந்தாள். "எல்லாத்தையும் எடுத்துருவோம், சார்."

அவர் கம்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "வேண்டாம், டீச்சர். விழுந்த கையைத் தூக்கிவிட்டது இந்தப் பசை. வேலை முடிஞ்சதும் துடைச்சுப் போடுறதா? அது நன்றி கெட்டதனம்."

"நன்றிக்காக மட்டும்தான் வச்சிருக்கீங்களா?"

அவர் கம்பை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பயமாவும் இருக்கு. இது போச்சுன்னா கை மறுபடி விட்டுரும்."

அவள் மெல்லக் கம்பை வாங்கினாள். எறும்புகளைப் பாறைமேல் உதறிவிட்டாள். ஈரத் துணியால் பிடியைத் துடைத்தாள். பாகு போனது; பசை போகவில்லை. ஒரு சின்னப் புட்டியை அவரிடம் நீட்டினாள்.

"தேங்காய் எண்ணெய். ரெண்டு சொட்டு போதும். கத்தி வேண்டாம், நகம் வேண்டாம். பெயிண்ட் தின்னரைக் கிட்டயே கொண்டுபோகாதீங்க, ஃபோமை அரிச்சுரும். கொஞ்சம் ஊறட்டும். அப்புறம் கட்டைவிரலால உருட்டுங்க."

"நானா?"

"உங்க பிடிதானே, சார்."

அவள் மற்றவர்களிடம் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்தார். இடது கை கம்பைத் தாங்க வேண்டியிருந்தது. வலது கட்டைவிரல்தான் மிச்சம். அழுத்தினார், உருட்டினார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு, அழிரப்பரிலிருந்து உதிர்வதுபோலக் கறுப்புத் துகள்கள் திரண்டு விழுந்தன. விசைப்படகு ஒன்று தூரத்தில் போனது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"பசை போயிருச்சு, டீச்சர். ஆனா எண்ணெய் வழுக்குது."

"சோப்பு போடுங்க."

"சோப்பு நுரை நிக்குது."

"தண்ணி ஊத்துங்க."

"இப்ப ஈரமா இருக்கு."

"காத்து பாத்துக்கும்."

கம்பைப் பாறை நிழலில் சாய்த்து வைத்தார்கள். தெற்கிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஃபிளாஸ்கில் இருந்த டீயை மூவரும் குடித்தார்கள். டீ தீர்வதற்குள் பிடி காய்ந்துவிட்டது. அது சாம்பல் நிறம் என்பது கோமதிநாயகத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

"எடுங்க, சார்."

"விழுந்துட்டா?"

"இவ்வளவு நேரம் உருட்டினது எந்தக் கை?"

அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார். அது மை தொட்டதுபோலக் கறுத்திருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கம்பை எடுத்தார். விரல்கள் மடங்கின. அவற்றை எதுவும் ஒட்டிப் பிடிக்கவில்லை. வீசும் நொடியில் கை இளகியது. உடனே மறுபடி இறுகியது. தூண்டில் பாறைகளைத் தாண்டி, நுரையையும் தாண்டி, ஆழ்ந்த பச்சை நீரில் விழுந்தது. தக்கை ஒரு முறை முங்கி நிமிர்ந்து நின்றது.

"பாறை இன்னைக்குப் பட்டினி" என்றார் சந்தியாகு.

கோமதிநாயகத்துக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. கம்பைப் பிடித்திருந்ததால் துடைத்துக்கொள்ளவில்லை.

"டீச்சர், பசைக்கு நன்றியா இருக்கணும்னு பாத்தேன். அதை எண்ணெய் கொண்டுபோயிருச்சு. எண்ணெயைச் சோப்பு, சோப்பைத் தண்ணி, தண்ணியைக் காத்து. இப்ப என் கையில ஒண்ணுமே இல்ல. மனசு மட்டும் நிறைஞ்சு கெடக்கு. இதை யார்கிட்டக் கொண்டுபோய்ச் சொல்ல? உங்ககிட்டச் சொன்னா வாங்கிக்க மாட்டீங்க. அந்தக் காத்துக்கிட்டயாவது சொல்லலாமா?"

ஜெனோவா வடக்கே, கரை வளைந்து போகும் பக்கம் பார்த்தாள்.

"அது இந்நேரம் தருவைக்குளம் தாண்டியிருக்கும், சார். நீங்க தக்கையைப் பாருங்க."