பிலோமினா சொன்ன இரண்டு சொல்

தூத்துக்குடியில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே மெஹருன்னிசா மேடத்திடம் வந்து சேர்ந்த சீடர் இருதயராஜ். மேடத்தைவிட மூத்தவர். உப்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

காரணம் வீட்டில் இருந்தது. மனைவி பிலோமினாவுக்குச் சிறுநீரகம் சரியில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும். இளநீர், வாழைப்பழம் எதையும் தொடக்கூடாது. அவள் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி செய்யத்தான் மனுஷர் பாடுபட்டார். உள்ளே ஒரு சவ்வு, அதில் கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள். பொட்டாசியம் வெளியே போகணும், சோடியம் ரத்தத்திலேயே நிற்கணும்.

"ஓட்டையைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி அலுத்துட்டேன் மேடம். சோடியம்தான் பொடிசு. பெருசு போற ஓட்டையில பொடிசு போகாம இருக்குமா?"

"ரெண்டும் சும்மாவா வருது?"

"இல்ல, தண்ணியைப் போர்த்திக்கிட்டு வருது. அதைக் கழட்டினாத்தான் நுழைய முடியும்."

"சாயங்காலம் உங்க வீட்ல டீ குடிப்போம்" என்றார் மேடம்.

வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. இருதயராஜ் ஓட்டைக் கதையைப் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். திரும்பினால் மேடத்தைக் காணோம். வாசலில் செருப்போடு நிற்கிறார். நல்ல பருத்த உடம்பு. பின்னாலேயே வந்து நின்றார் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஈர்க்குச்சி உடம்பு, நாடா இறுக்கிக் கட்டிய ஷூ.

அடுப்படியிலிருந்து பிலோமினா வந்தாள்.

"அட, மேடமா? இவரு பாட்டுக்கு உள்ள வந்துட்டாரா, நல்ல மனுசன் போங்க. வாங்க, உள்ள வாங்க."

மேடம் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார்.

பிலோமினா ஏஜெண்டைப் பார்த்தாள். "சொல்லுங்க."

அவர் ஷூ நாடாவைத் தொடக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

டீ வந்தது.

"எனக்கு இளநி எப்போ மேடம்? இவரு சுருக்குற சுருக்குல ஓட்டையே காணாமப் போயிரும் போல."

மேடம் சிரித்தார். "இருதயராஜ், அந்த ஏஜெண்ட் என்னைவிட ஒல்லி. ஏன் உள்ள வரல?"

"கதவு என்னமோ தொறந்துதான் இருந்துச்சு. பிலோ அவரை வாங்கன்னு சொல்லலையே மேடம். அப்புறம் எதுக்கு அவரு ஷூவைக் கழட்டப் போறாரு?"

"உங்க ஓட்டை பொட்டாசியத்தைப் பார்த்து 'வாங்க'ங்குதா, 'சொல்லுங்க'ங்குதா?"