கொம்பையாவின் கட்டைவிரல்

டாக்டர் அருமைநாயகம் யாரையாவது பாராட்டிப் பேசியதை அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்டதில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்புக்கு வருகிறவர்கள் மூன்று வருஷம் அவரிடம் இருக்க வேண்டும். தையல் நன்றாக இருந்தால் "ம்" என்பார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். "ம்" வாங்கியவர்கள் அன்று சாயங்காலம் கேன்டீனில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுப்பார்கள். அந்தப் பிரிவில் அதுதான் பட்டமளிப்பு விழா.

இசக்கியம்மாள் அங்கே கடைசி வருஷ மாணவி. கொம்பையாவின் கட்டைவிரல் அவள் கைக்கு வந்தது ஒரு காற்றுக்காலத்தில்.

கொம்பையா கடைத்தெருவில் சலூன் வைத்திருப்பவர். கடையைச் சாத்தும்போது கூரைத் தகரம் ஒன்று காற்றில் பிய்த்துக்கொண்டு வந்து வலது கை மேல் விழுந்ததில் கட்டைவிரல் துண்டாகிவிட்டது. அவரை ஆட்டோவில் ஏற்றிவந்த மச்சினன் உலகுவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. ஈரத்துணியில் சுற்றிய விரல் அதற்குள்ளே, அந்தப் பை ஐஸுக்குள்ளே. யாரோ விவரம் தெரிந்தவர் போனில் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் வந்தார், பார்த்தார். "நீயே பண்ணு" என்று இசக்கியிடம் சொல்லிவிட்டு மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

எலும்பைக் கம்பி வைத்து நிறுத்தினாள். தசைநாரைத் தைத்தாள். பிறகு மைக்ரோஸ்கோப்பின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ரத்தத்தை நிறுத்திவைத்திருந்த கிளிப்பை எடுத்ததும், மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்த விரல் அடியிலிருந்து நுனிவரை மெல்லச் சிவந்தது. இசக்கிக்கு முகமூடிக்குள்ளே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

அந்த வார்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒட்டிய விரல் தேறும்வரை நோயாளிக்குக் காபி கிடையாது, டீ கிடையாது, பீடி கிடையாது. ரத்தக்குழாய் சுருங்கிவிடும். ஒட்டியவரும் அதுவரை காபி குடிக்கக்கூடாது என்பது மருத்துவத்தில் எங்கும் இல்லாத சட்டம். யார் கொண்டுவந்தது என்று தெரியாது, மீறியவரும் கிடையாது. காபி இல்லாமல் தலைவலியோடு மணிக்கொரு தரம் போய் விரலின் நிறத்தையும் சூட்டையும் பார்த்துவிட்டு வந்தாள் இசக்கி. விரல் பிழைத்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்த விரல்மேல் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கொம்பையா பரிசோதனைக்கு வரும் நாளில் ஜூனியர்களையெல்லாம் கூப்பிடுவாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைக் காட்டுவது போல அந்த விரலைக் காட்டுவாள். அவர்கள் குனிந்து பார்த்து அதிசயப்பட்டுப் போவார்கள். கடைசியில் கொம்பையாவிடம் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்.

"பாத்து வச்சுக்கோங்க. பாத்து."

அவரும் பார்த்துத்தான் வைத்துக்கொண்டார். குளிக்கும்போது விரலுக்கு மட்டும் ஒரு பாலிதீன் உறை. படுக்கும்போது அதற்குத் தனித் தலையணை. சாவியை எடுப்பது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாமே ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். கட்டைவிரல் மட்டும் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒதுங்கியே நின்றது.

மாதங்கள் போயின. ஒருநாள் அவர் இனி வர முடியாது என்று சொல்ல வந்தார். இத்தனை நாளும் கடையைப் பார்த்துக்கொண்ட உலகுவுக்கே அதை விட்டுக்கொடுக்கப் போகிறாராம். ரைஸ் மில்லில் வாட்ச்மேன் வேலை சொல்லியிருக்கிறார்களாம், ஒன்றாம் தேதியிலிருந்து போகவேண்டும். அப்பா கற்றுக்கொடுத்த தொழில்தான், இருந்தாலும் என்ன செய்ய என்றார். முகத்தில் வருத்தத்தைக் காட்டவில்லை. அவள் மனசு நோகக்கூடாது என்று நினைத்தார் போல.

"விரலு நல்லா இருக்கு மேடம். அதுக்கு ஒரு கொறையும் இல்ல. வேலைக்குத்தான் வரமாட்டேங்கு."

இசக்கி மறுபடியும் எல்லாச் சோதனையும் செய்தாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் குண்டூசியால் தொட்டாள். எங்கே தொடுகிறாள் என்று சரியாகச் சொன்னார். மடக்கச் சொன்னாள், மடக்கினார். பிடித்துப் பார்க்கச் சொன்னாள், பிடித்தார். அவர் போன பிறகு நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"சார், ரத்தம் நல்லா ஓடுது. எலும்பு கூடிட்டு. தொட்டா தெரியுது. பிடிக்க வலுவும் இருக்கு. பெறகும் ஏன் சார் அந்த விரல் வேலை செய்யல? நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

டாக்டர் தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் உனக்கு டூட்டி உண்டா?"

இல்லை என்றாள்.

"அப்ப நீயும் வா. எனக்கு ஷேவ் பண்ணணும்."

மறுநாள் காலை டாக்டர் அருமைநாயகம் முகத்தை மழிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எத்தனையோ வருஷமாக யாரும் பார்க்காத காட்சி அது. வீட்டில் ஏதோ துக்கம் என்று மத்தியானத்துக்குள் பேச்சு பரவி, இரண்டு நர்ஸுகள் விசாரிக்கவும் வந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கடைத்தெருவில் நல்ல கூட்டம். சலூனில் உலகு ஒருவருக்கு முடிவெட்டி முடித்துக்கொண்டிருந்தான். பெஞ்சில் இன்னொருவர் பேப்பர் பார்த்தபடி காத்திருந்தார். கொம்பையா வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், வலது கை மடித்த துண்டின்மேல் மடியில் இருந்தது. தன் கடையிலேயே அவர் விருந்தாளி மாதிரி இருந்ததைப் பார்க்க இசக்கிக்குப் பொறுக்கவில்லை.

டாக்டர்களைக் கண்டதும் பதறி எழுந்தார். உலகு முடிவெட்டியவரை அனுப்பிவிட்டு நாற்காலியைத் தட்டிப் போட்டான். காத்திருந்தவர் பெரிய டாக்டர் முதலில் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். அருமைநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து, சோப்புக் கிண்ணத்தை எடுத்த உலகுவைக் கைகாட்டி நிறுத்தினார்.

"நீ இரு தம்பி. உங்க அத்தான் பண்ணட்டும்."

கொம்பையா சிரித்தார். டாக்டர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தார். டாக்டரோ காலர் பொத்தானைக் கழற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டிக் கண்ணையும் மூடிக்கொண்டார். கொம்பையாவின் சிரிப்பு நின்றது.

அவர் இசக்கியைப் பார்த்தார்.

"மேடம் சொன்னா செய்யுதேன்."

உலகு அவளைப் பார்த்தான். காத்திருந்தவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். டாக்டர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

கழுத்தில் எந்தக் குழாய் எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று இசக்கிக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் சரி என்று சட்டென்று சொல்லியிருப்பாள். இன்னொரு மாதம் போகட்டும் என்று சொல்லலாம். முதலில் ஒரு பலூனில் சோப்பு பூசி மழித்துப் பழகுங்கள் என்றும் சொல்லலாம். இரண்டுமே டாக்டர் சொல்கிற பேச்சாகத்தான் இருக்கும், யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றாம் தேதி அவர் மில் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்.

அவள் அந்த விரலைப் பார்த்தாள். அதன் ஒவ்வொரு தையலும் அவளுக்கு நினைவிருந்தது. எதிலும் அவள் அவசரப்பட்டதில்லை. மனசு ஒப்பாத இடத்தில் பிரித்து மறுபடி போட்டிருந்தாள். இது நல்ல வேலை என்று அவளுக்கே தோன்றியது. இத்தனை நாளும் மற்றவர்களிடம் பீற்றிக்கொண்டவள், அன்றுதான் அதைத் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"பண்ணுங்க அண்ணாச்சி."

அதற்குப் பின்னாலேயே "பாத்து" என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள்.

கொம்பையா கை கழுவினார். நுரை பூசினார். கத்தியில் புது பிளேடு மாட்டினார். பழக்கப்படி ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கத்தியை இடுக்கிக்கொண்டு கன்னத்தருகே கொண்டுபோனார். கத்தி ஆடியது. எடுத்துவிட்டார். மறுபடி கொண்டுபோனார். மறுபடி ஆடியது. வேர்வை கண்ணில் இறங்க, தோளில் துடைத்துக்கொண்டார். டாக்டர் அசையாமல் இருந்தார்.

மூன்றாவது தடவை கட்டைவிரல் மெல்ல இறங்கி வந்து கத்தியின்மேல் உட்கார்ந்தது.

பிறகு சரக் சரக் என்ற சத்தம்தான். முதல் கன்னத்துக்கு வெகு நேரமானது. இரண்டாவது கன்னத்தில் பாதி போனபோது, கிண்ணத்தில் தண்ணீர் ஆறிப்போய்க் கிடப்பதைப் பார்த்து உலகுவை ஒரு சத்தம் போட்டார். இதுதான் கடை நடத்துகிற லட்சணமா என்று கேட்டார். உலகு முகமெல்லாம் சிரிப்பாக வெந்நீர் எடுக்க ஓடினான். அத்தானிடம் திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று!

கழுத்துக்கு வந்தது கத்தி. கொம்பையா இடது கையால் டாக்டரின் தாடையை நிமிர்த்தினார்.

"ஆடாம இருங்க சார்" என்றார், ஒரு அதட்டலோடு.

பெரிய டாக்டரை அந்த ஊரில் யாரும் அப்படி அதட்டியதில்லை. அவர் ஆடாமல் இருந்தார். கத்தி குரல்வளையைச் சுற்றி மேலே ஏறும்வரை இசக்கி அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொம்பையா அதோடு விடவில்லை. இன்னொரு தடவை சோப்பு போட்டு முடிக்கு எதிர்த்திசையிலும் மழித்தார். புறங்கையால் தடவிப் பார்த்தார். காதோரம் ஒரு முடி தப்பியிருந்தது, அதையும் எடுத்தார். டாக்டர் எழுந்ததும், காத்திருந்தவர் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, கொம்பையாவின் பக்கமாகக் கன்னத்தைக் காட்டினார். கொம்பையா துண்டை உதறி அவர் கழுத்தில் போட்டார். டாக்டர்கள் படியிறங்கிப் போனதை அவர் கவனிக்கவே இல்லை.

இருவரும் தெருவில் நடந்தார்கள். இசக்கிக்குக் கண் நிறைந்திருந்தது. அதை மறைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பழக்கடை தாண்டியதும் கேட்டாள்.

"அவரு கத்தியத் தொட்டு மாசக் கணக்காச்சு. இப்ப அந்தக் கை எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதை நம்பி எப்படி சார் கழுத்தக் குடுத்தீங்க?"

ஒரு பஸ் போகட்டும் என்று டாக்டர் அருமைநாயகம் ஓரமாக நின்றார்.

"அவரு கையப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? அவருட்ட நான் இன்னைக்குத்தானே வந்தேன். மூணு வருசமா நான் பாத்துட்டு வாறது உன் கைய."