முதலாளியின் பேன்ட் பிரிந்த அன்று

பனியனில் பிசிறு வெட்டிக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். அன்றைக்கு ஜவுளிக்கடை முதலாளி எங்கள் தையல் யூனிட்டுக்கு வந்து, "வெளிநாட்டுல பாதி விலைக்குத் தைக்கிறாங்க. நீங்களும் அதுக்கே குடுங்க, இல்லாட்டி ஆர்டர் அங்கதான்" என்று சத்தம் போட்டார். ஆர்டர் போனால் எங்கள் எல்லாருக்கும் வேலை போய்விடும்.

கத்திக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். பேன்ட் பின்பக்கம் டர்ரென்று பிரிந்தது.

"அம்மணி, கல்யாணத்துக்குப் போகோணும், சட்டுனு தைச்சுக் குடுங்க!"

மிஷினில் இருந்த மயிலாத்தா அக்கா அசையவில்லை. "அந்தப் பாதி விலைக்காரங்களுக்கே அனுப்பிடுங்க சார். தைச்சு வர்ற வரைக்கும் இப்படியே உக்காந்திருங்க, டீ தர்றோம்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா தைத்துக் கொடுத்தார். ஆர்டரும் பழைய விலைக்கே நின்றது.

அக்காவால்தான் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஒரு நாளாவது வாய்விட்டு நன்றி சொல்லணும் என்று கிட்டே போனால், எனக்கு... இதோ, அக்காவே கூப்பிடுறாங்க, மூலையில் கட்டின தொட்டிலில் என் பாப்பா அழுகுதாம், போயிட்டு வர்றேன்.